தலையணைக்கு அடியில் நீலம்: வாசகர் கேள்வி – பதில்

நவரத்தினங்களில் எந்தக் கல்லைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று விட்டால், கடிதங்கள் நீலத்தையே சுற்றி வருகின்றன. மாணிக்கத்தின் மேல் ஆசை, மரகதத்தின் மேல் மதிப்பு, நீலத்தின் மேல் மட்டும் பயம்! இந்த இதழ் முழுக்க நீலம்தான்.

எங்கள் ஜோசியர் மகனுக்கு நீலம் போடச் சொன்னார். "மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் பணம் கொடுங்கள்" என்கிறார் கடைக்காரர். இரண்டாம் ராத்திரியே பையன் கெட்ட கனவு கண்டு அலறிவிட்டான். கல் ஒத்துக்கவில்லை என்று அர்த்தமா? – வாசகி, மயிலாடுதுறை

ஒன்பது கற்களில் இப்படி ஒத்திகை பார்ப்பது பெரும்பாலும் நீலத்துக்குத்தான். சனிக்கிழமை நீலத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பார்கள், அல்லது வலது கையில் கட்டுவார்கள். மூன்று நாள் கனவு, சண்டை, பணம், உடம்பு எல்லாவற்றையும் கவனிப்பார்கள். சனி மெதுவாக நகரும் கிரகம், ஆனால் அவருடைய கல் உடனே வேலை காட்டும் என்பது நம்பிக்கை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "இன்றைக்குக் கெட்ட கனவு வருகிறதா பார்" என்று சொல்லிப் படுக்க வைத்தால் யாருக்கும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். கனவின் நடுவே விழித்தால்தான் கனவு நினைவில் நிற்கும். அசந்து தூங்குகிறவருக்கும் கனவு வரும், காலையில் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். ஆக, பையனை அலற வைத்தது கல்லா, கல்லைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சா என்று இந்த ஒத்திகையை வைத்துப் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு வழி உண்டு. ஒரே நீலத் துணியில் மூன்று முடிச்சு போடுங்கள். ஒன்றில் கல், ஒன்றில் அதே அளவு கூழாங்கல், ஒன்றில் புளியங்கொட்டை. முடிச்சு போட்டு எண் எழுதுகிறவர் பையனோடு அந்த ஒன்பது நாளும் பேசாத ஒருவராக இருக்கட்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று ராத்திரி. எழுந்தவுடன், பல் தேய்ப்பதற்கு முன்பே, தூக்கம் எப்படி, கனவு என்ன என்று எழுதி வைக்க வேண்டும். ஒன்பதாம் ராத்திரி முடிந்த காலை வரை எந்த முடிச்சையும் அவிழ்க்கக் கூடாது. புளியங்கொட்டை ராத்திரியிலும் அலறினால் கல்லின் மேல் பழி போட வேண்டாம்.

இன்னொன்று. கல்லைச் சோதனைக்கு எடுத்து வரும்போதே காரட் எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "நான் கொடுத்த கல் இது இல்லையே" என்ற வழக்கு இந்த மூன்று நாள் ஒத்திகையில்தான் முளைக்கிறது.

பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரிய வேண்டும், அதுதான் அசல் என்கிறார்களே? – வாசகர், தஞ்சாவூர்

பழைய வாக்கு. கருட புராணத்தின் ரத்தினப் பரீட்சைப் பகுதியில், தன்னைப்போல் நூறு மடங்கு பாலையும் நீலமாக்கிக் காட்டுவதே மகாநீலம் என்று வருகிறது. நிறத்தின் ஆழத்தை மெச்சச் சொன்னது அது.

இன்று அது சோதனை ஆகாது. கல்லிலிருந்து எதுவும் பாலில் கரைவதில்லை. கல்லுக்குள் புகுந்து வரும் வெளிச்சம் நீலமாகி வெள்ளைப் பின்னணியில் விழுகிறது. நல்ல நீலக் கண்ணாடித் துண்டும், ஆய்வகத்தில் வளர்த்த நீலமும் அதே வேலையை இன்னும் ஜோராகச் செய்யும். அசலான வெளிர் இலங்கை நீலம் தோற்றுப் போகும்.

அப்பாவுக்கு 68 வயது. மூட்டுவலி, தூக்கமின்மை, ரத்த அழுத்தம். "வாதம் எல்லாம் சனியின் ஆட்சி, நீலம் போட்டால் மாத்திரையைக் குறைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். போட்ட இரண்டு மாதத்தில் மூட்டுவலி நிஜமாகவே குறைந்திருக்கிறது. இப்போது ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தப் போவதாக அப்பா சொல்கிறார். – வாசகி, திண்டுக்கல்

முதலில், மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். ரத்த அழுத்த மருந்துகளில் சிலவற்றைத் திடீரென்று விட்டால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும். அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியவே தெரியாது, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பது அளவுகோல் ஆகாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. "நரம்புக்கு நீலம்" என்ற பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டால் வலிப்பு திரும்பும், சில சமயம் நிற்காமல் வரும்.

இனி நம்பிக்கை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஜோதிட மருத்துவக் கணக்கில் வாதம், மூட்டு, நரம்பு, நாள்பட்ட நோய் எல்லாம் சனியின் பொறுப்பு. அதனால் மூட்டுவலி, பக்கவாதம், தூக்கமின்மை என்று நீலத்துக்கு நீண்ட பட்டியல் சொல்வார்கள். கல்லின் அடிப்பாகம் தோலில் பட வேண்டும், பாம்பு விரலில் (நடுவிரலில்) போட வேண்டும் என்பதெல்லாம் இதோடு சேர்ந்த விதிகள். நீலக்கல் மோதிரம் இந்த நோய்களைக் குணமாக்கியதாக மருத்துவ ஆய்வு எதுவும் நிறுவவில்லை. கல்லின் வேதியியலும் அதற்கு இடம் தரவில்லை. அது அலுமினியமும் ஆக்சிஜனும் கெட்டியாகப் பிணைந்த பொருள். வியர்வையில் கரையாது, தோலுக்குள் எதையும் அனுப்பாது.

பின்னே அப்பாவின் வலி எப்படிக் குறைந்தது? பொய் சொல்லவில்லை அவர். மூட்டுவலி ஏறி இறங்கும் நோய். யாரும் வலி லேசாக இருக்கும்போது கல் வாங்கப் போவதில்லை, தாங்க முடியாத கட்டத்தில்தான் போகிறார்கள். உச்சியில் இருந்த வலி அடுத்த சில வாரங்களில் எப்படியும் கொஞ்சம் இறங்கும், பெயர் மோதிரத்துக்குப் போகும். அதோடு, ஏதோ ஒரு வழி செய்துவிட்டோம் என்ற நிம்மதிக்கு வலியைத் தணிக்கும் குணம் உண்டு. மருந்துப்போலி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். வலி, தூக்கம், பதற்றம் போன்று நாமே உணர்ந்து சொல்லும் தொல்லைகளில் இது நன்றாக வேலை செய்யும். ரத்தக் குழாயின் அழுத்தத்தை, சர்க்கரையை இதை நம்பி விட முடியாது.

அப்பாவிடம் மோதிரத்தைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடத் தேவையில்லை. மோதிரமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். வீட்டில் அழுத்தமானி இருந்தால் காலையும் மாலையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் அளந்து, ஒரு வாரம் தேதி போட்டு எழுதுங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையைக் குறைப்பது அவர் வேலை.

கல்லோ தாயத்தோ நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கவே 1954-லேயே மாய நிவாரண விளம்பரங்களுக்கு எதிரான மத்தியச் சட்டம் வந்துவிட்டது. "சர்க்கரைக்கு இந்தக் கல்" என்று துண்டுச் சீட்டு அடித்துக் கொடுக்கிறவர் அந்தச் சட்டத்தின் பிடியில்தான் நிற்கிறார்.

நீலக்கல்லை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்துக் காலையில் குடிக்கலாமா? – வாசகர், ஆத்தூர்

கல் அசலாக இருந்தால் நீங்கள் குடிப்பது வெறும் தண்ணீர். கல்லின் விரிசலில் ஈயக் கண்ணாடி ஊற்றி அடைத்திருந்தால் (கீழே விவரமாக வருகிறது) குடிக்கக் கூடாது, எலுமிச்சை சேர்த்தால் நிச்சயம் கூடாது. மோதிரத்தோடு போட்டால் கல்லுக்குப் பின்னால் அடைந்திருக்கும் சோப்பு அழுக்கையும் சேர்த்துக் குடிப்பீர்கள். எதற்கு?

சித்த மருத்துவத்தில் முத்தும் பவளமும் பற்பமாகின்றன (மருந்துச் சாம்பலாகின்றன) என்பதை வைத்து நீலத்தை வீட்டில் இடித்துப் பொடியாக்கிச் சாப்பிடலாமா என்றும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. வேண்டவே வேண்டாம். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து, சுத்திகரித்துப் புடம் போட்டால் மாறும். நீலம் வைரத்துக்கு அடுத்த கடினம். அதன் பொடி மாவு ஆகாது, உப்புத்தாள் ஆகும்.

ஆன்லைனில் "6 காரட் அசல் சிலோன் நீலம், சர்டிபிகேட்டுடன், 2,500 ரூபாய்" என்று வாங்கிவிட்டேன். கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது. வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? – வாசகர், கோவை

6 காரட், மாசு இல்லை, நல்ல நீலம், 2,500 ரூபாய். இந்த நான்கும் இயற்கையான நீலத்தில் ஒன்றுசேராது. உங்கள் கையில் இருப்பது அநேகமாக மூன்றில் ஒன்று: கண்ணாடி, வேறு மலிவு நீலக் கல், அல்லது ஆய்வகத்தில் வளர்த்த நீலம். இந்த மூன்றாவது புதிதல்ல. ஆகஸ்ட் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலர் சுடரில் பொடியை உருக்கிச் சொட்டுச் சொட்டாகக் கல் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். முதலில் மாணிக்கம், சில ஆண்டுகளில் நீலம். பாட்டி காலத்து மோதிரமாயிற்றே, அசலாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாமல் போனது அன்றிலிருந்துதான்.

மோதிரத்தில் பதிக்காத கல் என்றால் முதல் சோதனை அடர்த்தி. 0.001 கிராம் காட்டும் சின்ன தராசு வேண்டும். கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 6 காரட் என்றால் 1.200 கிராம் இருக்கும். பிறகு தராசின் மேல் மருந்து மூடி அளவிலான பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாதி தண்ணீர் வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, தராசைச் சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. தராசு காட்டும் எண், கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. கல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

நீலத்துக்கு 4.00 வர வேண்டும். அதாவது 1.200 கிராம் கல் தண்ணீரில் 0.300 காட்டும். 0.46 அளவில் காட்டினால் அது அயோலைட், கடைகளில் 'நீலி' என்று விற்பது. 0.33 என்றால் செயற்கை ஸ்பினல் என்ற போலிக் கல். 0.20-ஐ ஒட்டி வந்தால் கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல். சாதாரணக் கண்ணாடி 0.48 பக்கம் போகும், ஈயம் கலந்த கண்ணாடி எங்கே வேண்டுமானாலும் வரும். கணக்கு தப்புவது இரண்டு காரணத்தால்: கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும் (சோப்புச் சொட்டு அதற்காகத்தான்), அல்லது கல் கிண்ணத்தின் அடியைத் தொட்டு முழு எடையும் தராசில் ஏறிவிடும். மூன்று முறை பாருங்கள்.

4.00 வந்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். வளர்த்த நீலத்துக்கும் அதே 4.00தான், இரண்டும் ஒரே பொருள். இனி பத்து மடங்கு லூப், அதாவது நகைக்காரர்களின் சின்ன பூதக்கண்ணாடி. லூப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லை அதிலிருந்து ஓர் அங்குலத்துக்குக் கொண்டு வாருங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். இயற்கையான கல்லில் நிறம் நேர்க்கோட்டுப் பட்டைகளாக இருக்கும். இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் தேன்கூட்டு அறையின் மூலை போல 120 டிகிரிக் கோணம் தெரியும். பட்டு நூலை வெட்டிப் போட்டது போல ஊசி ஊசியாக இழைகள் இருக்கலாம், வியாபாரிகள் 'சில்க்' என்பது அதுதான். வெர்னூய் முறையில் வளர்த்த கல்லில் பட்டைகள் வளைந்திருக்கும், இசைத்தட்டின் வரிகள் மாதிரி. கூடவே உருண்டைக் குமிழிகள் இருக்கலாம். இயற்கையான நீலத்தில் வளைந்த பட்டை கிடையாது.

கல்லை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் முகம் குப்புறப் போட்டும் பாருங்கள். பட்டை தீட்டிய முகங்களின் விளிம்பு மட்டும் கருநீலக் கோடு போட்டது போலத் தெரிந்தால், வெளிறிய கல்லுக்கு மேற்பரப்பில் டைட்டானியத்தை ஊறவைத்து ஏற்றிய நிறம். நிறம் தோலளவுதான், திரும்பப் பட்டை தீட்டினால் போய்விடும். சிலந்தி வலை போல விரிசல்களில் மட்டும் நீலம் தேங்கியிருந்தால், கோபால்ட் கலந்த ஈயக் கண்ணாடியை ஊற்றி அடைத்த கல். 2012 வாக்கில் சந்தைக்கு வந்த வேலை இது. கல் ஓரளவு அசல், நிறமும் பளபளப்பும் கண்ணாடியுடையது.

இலங்கைக் கற்களில் ஒரு வேடிக்கை உண்டு, அது மோசடி அல்ல. கல் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கும். இருக்கிற ஒரு துளி நீலத்தைப் பட்டை தீட்டுகிறவர் அடி நுனிக்கு வருமாறு திருப்பிப் பிடித்திருப்பார். மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலம், பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர்! அடி பருத்து நிற்பதும் இதனால்தான். அதற்கும் சேர்த்து எடைக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சர்டிபிகேட்டைப் பற்றி. "நேச்சுரல்" என்ற சொல்லோடு நிறுத்தாமல் "ட்ரீட்மென்ட்" அல்லது "கமென்ட்ஸ்" என்ற வரியைப் படியுங்கள். கண்ணாடி நிரப்பியது, நிறம் ஊற வைத்தது எல்லாம் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். எடையும் மில்லிமீட்டர் அளவும் உங்கள் கல்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் நீங்களே தட்டுங்கள், கடைக்காரர் கொடுக்கும் கியூஆர் கோடு வழியாகப் போகாதீர்கள். ஏமாந்தது உறுதியானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஐந்தே கால் ரத்தி போடச் சொன்னார்கள். காரட்டில் எவ்வளவு? – வாசகி, விழுப்புரம்

யாருடைய ரத்தி என்பதைப் பொறுத்தது. ரத்தி என்பது குன்றிமணி. ஒரு மணி சுமார் 0.12 கிராம், அதாவது 0.6 காரட். அந்தக் கணக்கில் ஐந்தே கால் ரத்தி 3.2 காரட்கூட வராது. வடக்கே ராசிக்கல் வியாபாரத்தில் ஒரு ரத்தியை 0.91 காரட் என்று வைத்திருக்கிறார்கள். அதில் 4.78 காரட். விலை காரட்டுக்குப் பேசுவதால் இந்த ஒன்றரை காரட் வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. ரசீதில் காரட்டையோ கிராமையோ எழுதச் சொல்லுங்கள். ஒரு காரட் 0.2 கிராம், அதில் யாரும் விளையாட முடியாது.

நீலம் போட்ட நாலாம் நாளே விரலில் அரிப்பு, தடிப்பு. கழற்றினால் சரியாகிறது. இது ஒத்துக்காததற்கு அடையாளம்தானே? – வாசகர், கும்பகோணம்

ஒத்துக்கொள்ளாதது உண்மை. ஒத்துக்கொள்ளாதது கல் இல்லை, உலோகம். மலிவான வெள்ளை உலோகத்திலும் கலப்பு மோதிரங்களிலும் நிக்கல் இருக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வளையம் பட்ட இடம் வளையமாகவே சிவக்கும். தடிப்பு விரலைச் சுற்றி வருகிறதா, கல்லுக்கு நேர் கீழே மட்டும் வருகிறதா பாருங்கள். சுற்றி என்றால் உலோகம். கல்லுக்குக் கீழே மட்டும் என்றால், தோலில் படட்டும் என்று அடி திறந்து வைத்த குழியில் சோப்புத் தண்ணீர் தேங்கித் தோல் ஊறுகிறது. முன்னதற்கு 22 காரட் தங்கத்தில் மாற்றிக் கட்டுங்கள். பின்னதற்குக் குளித்தபின் கழற்றித் துடைத்துப் போட்டால் போதும். தோல் வெடித்து நீர் வடிந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சூடாக்கிய நீலத்துக்குச் சக்தி போய்விடும் என்கிறார்களே? – வாசகர், யாழ்ப்பாணம்

சக்திக்கு அளவுகோல் எங்களிடம் இல்லை. விலைக்கு உண்டு, சூடாக்காத கல் பல மடங்கு கூட.

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் குழி தோண்டி 'இல்லம்' என்கிற கூழாங்கல் படிவத்தை எடுத்துக் கூடையில் அரித்தால், நல்ல கற்களோடு பால் கலந்த மாதிரி மங்கலான கற்களும் ஏராளமாக வரும். கெவுடா என்று பெயர். ஒரு காலத்தில் மதிப்பே இல்லாமல் கிடந்தவை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக அள்ளிக்கொண்டு போய் உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சூடாக்கினார்கள். பால் நிறத்துக்குக் காரணமான ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமத்தின் ஊசிகள் அந்தச் சூட்டில் கரைந்து, அவற்றின் டைட்டானியம் கல்லுக்குள் இருக்கும் இரும்போடு சேர, நீலம் பிறந்தது. நீல நிறமே இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து செய்கிற வேலைதான்.

வெறும் சூடு மட்டும் என்றால் நிறம் நிலையானது, வெயிலில் வெளுக்காது, ஒளிக்காமல் சொல்லி விற்றால் குற்றமும் இல்லை. இன்று சந்தையில் உள்ள நீலங்களில் பெரும்பாலானவை உலைக்குப் போய் வந்தவை. குறைந்த விலைக்கு "சூடாக்காதது" என்று வாய்ச்சொல்லில் விற்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மோதிரத்தில் இருந்த நீலம் தானாக வெடித்துவிட்டது. எங்களுக்கு வர வேண்டிய ஆபத்தைக் கல் வாங்கிக்கொண்டது என்று மாமியார் சொல்கிறார். – வாசகி, ஈரோடு

சமீபத்தில் மோதிரத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ பத்தரிடம் கொடுத்தீர்களா? கல்லைக் கழற்றாமல் ஊதுகுழல் பிடித்து, சூட்டோடு தண்ணீரிலோ அமிலத்திலோ போட்டால் கடினமான நீலமும் விரிசல் விடும். உள்ளே ஏற்கெனவே இருந்த சின்ன விரிசல் அன்றைக்குத் தெரியாது, சில வாரம் கழித்துக் குழாயில் இடித்தவுடன் பிளக்கும். கண்ணாடி நிரப்பிய கல் என்றால் இன்னும் சுலபம். எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, பிளீச் எல்லாம் அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். ஊறுகாய் போடுகிற கையில் அந்த மோதிரம் இருந்தால் விரிசல்கள் வெள்ளை வெள்ளையாக மேலே வந்துவிடும்.

மாமியார் சொல்வதை மறுத்து என்ன ஆகப் போகிறது, நல்ல வார்த்தையாகத்தானே சொல்கிறார்! அடுத்த முறை பத்தரிடம் கல்லைக் கழற்றிவிட்டுச் சுடச் சொல்லுங்கள்.

மாணிக்கமும் நீலமும் ஒன்றாகப் போடக் கூடாது என்பது ஏன்? – வாசகர், நாமக்கல்

மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு. சனி சூரியனின் மகன், அப்பாவுக்கும் மகனுக்கும் ஆகாது. அதனால் கற்களுக்கும் ஆகாது என்பது கணக்கு. நவரத்தின மோதிரத்தில் மட்டும் அப்பா, மகன் உட்பட ஒன்பது பேரும் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

கனிம இயலில் கதை தலைகீழ். இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம். கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் சிவந்து மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மஞ்சளாக இருந்தால் அதையே புஷ்பராகம் என்று விற்கிறோம். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்து தாமரை நிறத்தில் இருந்தால் இலங்கையில் பத்பரட்சா. உலகம் முழுக்க இந்தக் கனிமத்தைக் கொரண்டம் என்று சொல்வதும் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். உங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் பாறையில் சிவப்புக் குருந்தம் இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது கிடைத்த மணிகளில் நீலமும் உண்டு.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் நிஜமாக நடக்கிற சண்டை ஒன்றுதான். வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் மோஸ் கடின அளவில் இரண்டுக்கும் 9. பக்கத்து விரல்களில் போட்டால் உரசி ஒன்றை ஒன்று கீறும். வைரத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் அது கீறும்.

வெளிநாட்டாருக்கும் நீலத்தின் மேல் பயம் உண்டா? – வாசகர், சென்னை

அவர்களுக்கு அது பெரும்பாலும் காக்கும் கல். விஷத்தை முறிக்கும், கண்ணைக் குணமாக்கும் என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் மளிகை வணிகர் ரிச்சர்ட் பிரெஸ்டன், கண்நோய்க்காரர்களுக்கு உதவட்டும் என்று தன்னுடைய சிறந்த நீலத்தைப் புனித பால் பேராலயத்தில் இருந்த எர்கன்வால்டு என்ற புனிதரின் சமாதிக்குக் கொடுத்தார். நீலத்தை ஆங்கிலத்தில் 'சஃபைர்' என்கிறோம், ஆனால் இன்னும் பழைய நூல்களில் அந்தப் பெயரில் வருவது வேறு கல். பொன் புள்ளிகள் உள்ள நீலக்கல் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பொன் புள்ளி லாபிஸ் லாசுலி என்ற வேறொரு நீல நிறக் கல்லில்தான் உண்டு. அந்தக் கல்லின் மகிமைகள் பெயரோடு சேர்ந்து நம் நீலத்தின் கணக்கில் ஏறிவிட்டன.

சாபக் கதையும் ஒன்று இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'டெல்லியின் ஊதா நீலம்' என்று ஒரு கல். 1857-ல் கான்பூரில் இந்திரன் கோயிலிலிருந்து கொள்ளை போனது, வைத்திருந்தவர்களை எல்லாம் நாசமாக்கியது என்று அதன் உரிமையாளர் எட்வர்ட் ஹெரன்-ஆலன் கடிதம் எழுதி வைத்திருந்தார். அதே மனிதர் புனைபெயரில் அதை வைத்துக் கதையும் எழுதினார். கல்லைப் பார்த்தால் நீலமே இல்லை, அமெதிஸ்ட் என்ற செவ்வந்திக்கல்!

நீல மோதிரத்தை எப்படிச் சுத்தம் செய்வது? பால், உப்பு, கங்கை நீர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – வாசகி, காரைக்குடி

பூஜைக்குப் பால் வைத்தால் அபிஷேகம் முடிந்தவுடன் கழுவிவிடுங்கள். பால் காய்ந்தால் கல்லுக்குப் பின்னால் படலமாகி நீரோட்டம் (கல்லின் உள்ளொளி) மங்கும். உப்பு வெள்ளி மோதிரத்தைக் கறுக்க வைக்கும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ இரண்டு சொட்டு, பத்து நிமிட ஊறல், குழந்தைகள் பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கத்திலிருந்து தேய்ப்பு. சிங்க்கில் வைத்துச் செய்யாதீர்கள், கிண்ணத்தில் செய்யுங்கள். தேய்ப்பதற்கு முன் மோதிரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், 'டிக் டிக்' என்று கேட்டால் கல் ஆடுகிறது. நேராகப் பத்தரிடம் எடுத்துப் போங்கள்.